முதல் வேட்டை நாய்: பல்பணி இனங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

அறுவடை முடிந்த கோதுமைத் தாள்காட்டில் ஒரு நாய் காற்றை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டத்தின் நடுவே மூக்கு மட்டும் சட்டென்று பக்கவாட்டில் திரும்புகிறது. உடம்பு பாதி வளைந்த நிலையிலேயே உறைந்துவிடுகிறது. ஒரு முன்னங்கால் மடங்கித் தொங்குகிறது, வால் விறைத்து நிற்கிறது. பத்துப் பதினைந்து அடி தள்ளிப் புல்லுக்குள் கோழி போன்ற ஒரு ஃபெசன்ட் பறவை பதுங்கியிருக்கிறது. நாய் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, வாடையைப் பிடித்ததோடு சரி. வேட்டைக்காரர் நடந்து வந்து பறவையைக் கிளப்பும்வரை அது அசையாது. குண்டு பட்டு இறக்கை முறிந்த பறவை தரையில் ஓடிப் புதருக்குள் மறைந்தால், அதன் காலடி வாடையைப் பிடித்துப் போய், கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்கும்.

மறுநாள் அதே நாய் குளிர்ந்த ஏரியில் நீந்தி, நாணலுக்குள் விழுந்த வாத்தைத் தேடும். அடுத்த வாரம் நீண்ட வார் கட்டி விட்டால், காயம்பட்டு ஓடிய மானின் இரத்தத் தடத்தைச் சொட்டுச் சொட்டாகத் தொடரும். வயல், தண்ணீர், காடு ஆகிய மூன்றிலும், சுடுவதற்கு முன்னும் பின்னும் வேலை செய்யும் இப்படிப்பட்ட நாயைத்தான் பல்பணி வேட்டை நாய் என்கிறோம்.

நம் ஊர் வேட்டை நாய்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து, துரத்திப் பிடிக்கும் நாய்கள். முயலைக் கண்டதும் பாய்வதுதான் அவற்றின் குணம். இங்கே பேசும் நாய்களோ மூக்கால் கண்டுபிடித்து, பாயாமல் நின்று காட்டவேண்டியவை. துரத்தும் ஆசை இவற்றுக்கும் உண்டு. அதை அடக்கி நிற்பதுதான் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்த குணம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடைசெய்யப்பட்டது. ஆகவே இந்தக் கட்டுரை கனடா, ஜெர்மனி, நார்வே போன்ற நாடுகளில் முறையாகத் தேர்வெழுதி உரிமம் பெற்று வேட்டைக்குப் போகிறவர்களுக்கானது. அங்கே குடியேறிய தமிழர்களிலும் முதல் நாய் வாங்க யோசிப்பவர்கள் இருப்பார்கள்.

ஒரே நாய் என்ற யோசனை எங்கிருந்து வந்தது

பிரிட்டனில் பெரிய பண்ணைக்காரர்கள் வேலைக்கு ஒரு நாய் என்று வைத்திருந்தார்கள். தேடிக் காட்ட பாயின்டரும் செட்டரும், புதரிலிருந்து கிளப்ப ஸ்பானியல், எடுத்து வர ரெட்ரீவர். அதற்கென்று கொட்டில், அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் எல்லாம் இருந்தன. ஜெர்மனியில் நிலைமை வேறு. 1848 புரட்சியோடு, பிறர் நிலத்தில் வேட்டையாடும் பிரபுக்களின் தனியுரிமை போயிற்று. சாதாரண நிலக்காரரும் துப்பாக்கியோடு தன் வயலில் இறங்கினார். அவரால் நான்கு நாய் வளர்க்க முடியாது. ஒன்றே எல்லாம் செய்யவேண்டும், இரவில் வீட்டையும் காக்கவேண்டும்.

‘ஹேகெவால்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய சிகிஸ்மண்ட் ஃபான் செட்லிட்ஸ் இதற்காக விடாமல் வாதாடியவர். பூடிலையும் பாயின்டரையும் கலந்து 1881 வாக்கில் பூடல்பாயின்டர் உருவாகத் தொடங்கியது அவருடைய யோசனையில்தான். பூடிலின் புத்தியும் தண்ணீர் ஆசையும், பாயின்டரின் மூக்கும் ஓட்டமும் ஒன்றில் சேரவேண்டும் என்பது கணக்கு. 1899இல் வேட்டை நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாகி, நாய்களை வேலையில் சோதிக்கும் தேர்வுகளை நடத்தியது. கம்பி மயிர் கொண்ட டிராட்ஹாரின் சங்கம் 1902இல் பிறந்தது. அழகைப் பார்க்காதே, வேலையைப் பார்த்து இனம் பெருக்கு என்பதுதான் அவர்கள் கொள்கை. வட அமெரிக்காவில் இதே சிந்தனையோடு பல்பணி வேட்டை நாய்ச் சங்கம் 1969இல் தொடங்கியது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘நாவ்டா’ என்பார்கள்.

பல்பணி என்றால் எல்லாவற்றிலும் முதலிடம் என்று நினைத்துவிடவேண்டாம். திறந்த புல்வெளியில் ஓடித் தேடுவதில் இங்கிலீஷ் பாயின்டர் இவற்றை முந்தும். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் நாள் முழுக்க வாத்து எடுப்பதில் லாப்ரடார் முந்தும். உங்கள் வேட்டையில் பத்துக்கு எட்டு நாள் வாத்துதான் என்றால், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், நல்ல லாப்ரடார் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கிரவுஸ் என்னும் காட்டுப் பறவை, ஒரு வாரம் வாத்து, நடுவில் ஒரு மான் என்று கலந்து போகிறவருக்குத்தான் பல்பணி நாய் பொருந்தும்.

முதல் நாய்க்கு முதலில் பார்க்கவேண்டியது

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது வேகம், மூக்கு, தோற்றம். அனுபவமுள்ளவர்கள் கேட்பது ஒத்துழைப்பு. நாய் உங்களோடு சேர்ந்து வேட்டையாடுகிறதா, தனக்காக ஆடுகிறதா என்பதுதான் கேள்வி. ஒத்துழைக்கும் நாய் ஓட்டத்தின் நடுவிலும் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்று ஓர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். எடுத்த பறவையை உங்களிடம் கொண்டுவருவதற்கே அதற்கு ஆசை இருக்கும். இந்தக் குணம் பெரும்பாலும் பிறவியில் வருவது. பழக்கத்தால் மெருகேற்றலாம், இல்லாததைப் புகுத்துவது கடினம்.

வேட்கை மிகுந்து ஒத்துழைப்புக் குறைந்த நாயைப் பழக்க அனுபவசாலியால் முடியும். புதியவர் கையில் அது இரண்டே சீசனில் ஊரைச் சுற்றும் நாயாகிவிடும். கூப்பிட்டால் வராது, பறவையைக் கிளப்பிவிட்டுப் பின்னாலேயே ஓடும். அப்போது அவர் மின்பட்டையை, அதாவது மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டையை, தேடுவார். அடித்தளம் இல்லாத நாய்க்கு மின்பட்டை மாட்டினால் பயந்த நாய்தான் மிஞ்சும். ஜெர்மனியில் அதைப் பயன்படுத்தவே தடை.

நாவ்டாவின் பிறவித்திறன் தேர்வு இதைப் பார்க்க நல்ல கருவி. 16 மாதத்துக்குள் உள்ள நாய்களுக்கு நடக்கும் தேர்வு அது. ஏழு குணங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். ஒவ்வொன்றையும் ஓர் எடையால் பெருக்குவார்கள்: மூக்கு 6, தேடல் 5, தண்ணீர் 5, நின்று காட்டல் 4, வேலை ஆசை 4, தடம் பிடித்தல் 2, ஒத்துழைப்பு 2. எல்லாவற்றிலும் 4 வாங்கினால் மொத்தம் 112. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒத்துழைப்பில் 4க்குப் பதில் 2 வாங்கிய நாய்க்கு மொத்தத்தில் 4 மதிப்பெண் மட்டுமே குறையும். விளம்பரத்தில் 108 என்று பார்த்தால் அருமையாகத் தெரியும். உங்களைப் படாதபாடு படுத்தப்போகும் குறை அந்த நான்கு மதிப்பெண்ணுக்குள் ஒளிந்திருக்கலாம். ஆகவே மொத்தத்தைக் கேட்காதீர்கள், மதிப்பெண் தாளைக் கேளுங்கள். தாய், தகப்பன் இரண்டின் தாளும் வேண்டும்.

உங்கள் வருடத்தைக் கணக்குப் போடுங்கள்

வேட்டைக்குப் போகும் நாள் வருடத்துக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 350 நாள் அந்த நாய் உங்கள் வரவேற்பறையில்தான் இருக்கும். இந்த இனங்கள் எல்லாவற்றுக்குமே தினம் ஒரு மணி நேரமாவது உண்மையான ஓட்டம் வேண்டும். வாரில் பிடித்துத் தெருவைச் சுற்றிவருவது ஓட்டத்தில் சேராது. அதோடு பத்துப் பதினைந்து நிமிட மூளை வேலையும் வேண்டும்: ஒளித்துவைத்த டம்மியை, அதாவது பறவைக்குப் பதிலாக வைக்கும் பயிற்சிப் பொருளை, தேடுவது, ‘நில்’ சொன்னால் நிற்பது. இது கிடைக்காத நாய் சோபாவைப் பிய்க்கும், வேலியைத் தாண்டும், நாள் முழுக்கக் குரைக்கும். நாய் கெட்டது என்பார்கள். அதற்கு வேலையில்லை, அவ்வளவுதான்.

அடுத்து நிலம். அடர்ந்த காட்டில் கிரவுஸ் தேடுபவருக்கு முப்பது, ஐம்பது மீட்டருக்குள் தேடும் நாய் போதும். அதைவிட விரிந்தால் நாய் எங்கே நின்று காட்டுகிறது என்று நீங்கள் தேடவேண்டிவரும். புல்வெளிப் பிரதேசத்தில் அதே நாய் குறைவாகத் தோன்றும், அங்கே இருநூறு மீட்டர்கூட இயல்பு. பிறகு குளிர். நவம்பர் மாத ஏரியில் வேலை செய்ய உள்மயிர் அடர்ந்த நாய் வேண்டும். கடைசியாக, வீட்டில் பூனை, முயல், கோழி இருக்கிறதா என்பது. சிரிக்கவேண்டாம், கீழே டிராட்ஹார் பற்றிச் சொல்லும்போது இதன் அர்த்தம் புரியும்.

இனங்கள், ஒவ்வொன்றாக

ஜெர்மன் குட்டைமயிர் பாயின்டர் எளிதில் கிடைப்பது. ஆண் ஏறத்தாழ 25 முதல் 32 கிலோ இருக்கும். மூக்கு நல்லது, பழகுவதும் சீக்கிரம், ஆறே மாதக் குட்டி அழகாக நின்று காட்டுவது சாதாரணம். மயிரில் முள் ஒட்டாது, துண்டால் துடைத்தால் காய்ந்துவிடும். ஆனால் ஒரே பெயரில் ரொம்ப வேறுபட்ட நாய்கள் இருக்கின்றன என்பதுதான் இதில் சிக்கல். குதிரையில் பின்தொடர்ந்து நடத்தும் வயல் பந்தயங்களுக்காக வளர்த்த வம்சம் அடிவானம்வரை ஓடும். கண்காட்சிக்கு வளர்த்த வம்சத்தில் வேட்டை ஆசை நீர்த்துப் போயிருக்கலாம். நடந்து வேட்டையாடும் ஆளுக்காக வளர்த்த வம்சத்தைத் தேடிப் பிடித்தால், முதல் நாய்க்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு குறைவு. பனிக்கால வாத்து வேட்டைக்குக் குளிர் தாங்கும் நியோப்ரீன் ரப்பர் சட்டை மாட்டவேண்டும், அவ்வளவே.

டிராட்ஹார் இந்தக் கூட்டத்திலேயே கடினமான உழைப்பாளி. கம்பி மயிர் முள்ளையும் குளிரையும் தாங்கும். காட்டுப்பன்றி, நரி, வாத்து எதற்கும் பின்வாங்காது. ஜெர்மன் சங்க முறையில் குறித்த தேர்வுகளில் தேறி, இடுப்பு எக்ஸ்-ரேயும் உடலமைப்புச் சோதனையும் முடித்த நாய்க்கு மட்டுமே இனப்பெருக்க அனுமதி. இந்தக் கண்டிப்பால் குட்டியின் தரத்தில் ஏமாற்றம் குறைவு. ஆனால் காயம்பட்ட நரியைத் தயங்காமல் முடிக்கும் கூர்மையையும் சேர்த்துத்தான் வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கூர்மைக்குப் பக்கத்து வீட்டுப் பூனை எது, நரி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. முதல் நாயாக இதை வாங்கக்கூடாது என்பதில்லை. பக்கத்தில் பழக்கத் தெரிந்த ஆள் இருந்து, வேட்டை நாட்களும் நிறைய இருந்தால் வாங்கலாம். பூனை வளர்ப்பவர்கள் வேறு இனம் பார்ப்பது நல்லது. அமெரிக்கப் பதிவிலுள்ள ஜெர்மன் கம்பிமயிர் பாயின்டர் இதே வேரிலிருந்து வந்தது. ஆனால் அங்கே தேர்வு கட்டாயமில்லை, ஆகவே சோதித்துப் பார்க்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்.

கம்பிமயிர் கிரிஃபான் 1870களில் டச்சுக்காரரான எட்வர்ட் கோர்தால்ஸ் உருவாக்கிய இனம். நடந்துபோகிறவரின் நாய். நெருக்கமாகத் தேடும், மனிதரை ஒட்டியே இருக்கும், குளிர்நீரில் சலிக்காது. முதிர்ச்சி மெதுவாக வரும். ஒரு வயதில் குட்டைமயிர் நாய் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது இது வண்ணத்துப்பூச்சி துரத்திக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்து அவசரப்பட்டு அழுத்தினால் கெட்டுப்போகும், மனம் மென்மையானது. மயிர் தவறான வகையில், பஞ்சுபோல் அமைந்துவிட்டால் ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் ஒரு மணி நேரம் முள் பொறுக்கவேண்டும். ஆகவே தாய் தகப்பனின் மயிரைக் கையால் தடவிப் பாருங்கள்: கடுமையாக, படிந்து இருக்கவேண்டும். பொறுமையுள்ள புதியவருக்கு இந்த இனத்தைத் தயங்காமல் சொல்லலாம்.

பூடல்பாயின்டரில் தோற்றத்துக்காக வளர்ப்பவர்கள் அநேகமாக இல்லை என்பதால் வேலைத்திறன் சீராக வருகிறது. வீட்டில் அமைதி, வெளியே வேகம். குறை ஒன்றுதான்: குட்டிகள் குறைவு, காத்திருப்புப் பட்டியல் நீளம்.

பிரிட்டனி பிரான்ஸிலிருந்து வந்தது, 14 முதல் 18 கிலோதான். சின்ன வீடு, சின்ன கார், சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தும். கௌதாரி, காடை, கிரவுஸ் என்று நிலப் பறவை வேட்டையில் கெட்டி. வாத்தும் எடுக்கும். ஆனால் பெரிய கனடா வாத்தைப் பனித்தண்ணீரில் இழுத்துவரச் சொல்வது நியாயமில்லை. உரக்கத் திட்டினால் சுருண்டுவிடும், அதைக் குறை என்று எடுத்துக்கொள்ளாமல் உங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

ஹங்கேரியின் விஸ்லா பாசக்காரன், காலைவிட்டு அகலாது. ஒத்துழைப்பு அபாரம். உள்மயிர் கிடையாது, ஆகவே குளிருக்கு ஆகாது. நாளெல்லாம் பூட்டிய வீட்டில் தனியே விட்டால் ஏங்கிப்போகும். வைமரானர் அதைவிடப் பெரியது, ஆண் 32 முதல் 41 கிலோவரை வரும். இதற்கும் தனிமை ஆகாது. அதன் வெள்ளிச் சாம்பல் நிறமே அதற்குப் பகை. அழகுக்காக வாங்கியவர்கள் பெருகியதால், வேட்டை வம்சத்தைத் தேடிப் பிடிக்க மெனக்கெடவேண்டும்.

சிறிய மூன்ஸ்டர்லாண்டர் பற்றி இங்கே அதிகம் பேச இடமில்லை. ஜெர்மனியில் இருப்பவர்கள் முதலில் விசாரிக்கவேண்டிய இனம் அது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். நடுத்தர உடம்பு, நீள மயிர், குடும்பத்தோடு ஒட்டும் குணம். அங்கே சங்க வளர்ப்பாளர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரருக்கே குட்டி தருவார்கள்.

வளர்ப்பாளரிடம் கேட்பது

இனத்தைவிட ஈத்து, அதாவது ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகளின் கூட்டம், முக்கியம். ஒரே இனத்தின் இரண்டு ஈத்துகளுக்குள் இருக்கும் வித்தியாசம், இரண்டு இனங்களுக்குள் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

ஜெர்மன் முறையில் ஓர் ஈத்துக் குட்டிகள் அத்தனைக்கும் ஒரே எழுத்தில் பெயர் தொடங்கும். முதல் ஈத்து ‘ஏ’, அடுத்தது ‘பி’. ஆகவே இது எந்த எழுத்து ஈத்து என்று கேட்டாலே வளர்ப்பாளரின் அனுபவம் ஓரளவு தெரிந்துவிடும். ‘கே’ என்றால் பத்து ஈத்து பார்த்தவர். முந்தைய ஈத்துக் குட்டிகளில் எத்தனை தேர்வுக்குப் போயின, எத்தனை தேறின என்று அடுத்துக் கேளுங்கள். எட்டுக் குட்டியில் ஒன்று பரிசு வாங்கியதைச் சொல்லி மிச்சம் ஏழைப் பற்றிப் பேசாதவரிடம் கவனம்.

ஜெர்மன் தேர்வுகள் மூன்று படி. வசந்தத்தில் நடக்கும் இளநாய்த் தேர்வில் முயல் தடம், மூக்கு, நின்று காட்டல் போன்ற பிறவிக் குணங்களைப் பார்ப்பார்கள். இலையுதிர்காலத் தேர்வில் தண்ணீர் வேலையும் எடுத்துவரலும் சேரும். முதுநிலைத் தேர்வு இரண்டு நாள் நடக்கும். நரியைக் கவ்விக்கொண்டு தடை தாண்டுவது, சுமார் 400 மீட்டர் இரத்தத் தடம் எல்லாம் அதில் உண்டு. தகப்பன் முதுநிலையில் தேறியது என்றால் நல்ல பழக்குநர் கிடைத்திருக்கிறார் என்பதும் அதற்குள் அடக்கம். குட்டிக்கு இரத்தத்தில் என்ன வரும் என்பதைக் காட்டுவது முதல் இரண்டு தேர்வுகள்தான். இதைப் புதியவர்கள் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

உடல்நலச் சான்றும் கையில் வரவேண்டும். இடுப்பு மூட்டு எக்ஸ்-ரே எல்லா இனத்துக்கும் பொது. அமெரிக்க முறையில் இறுதிச் சான்று இரண்டு வயது முடிந்த பிறகே கிடைக்கும். ஆகவே ஒன்றரை வயதுத் தாய்க்கு அந்தச் சான்று இருக்க வழியில்லை. குட்டைமயிர் பாயின்டரில் பகல்குருடு எனப்படும் விழித்திரைக் கோளாறு, கம்பிமயிர் பாயின்டரில் இரத்தம் உறையாமை, விஸ்லாவில் வலிப்பு ஆகியவை பற்றிக் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் மரபணுச் சோதனை உண்டு. மார்பு ஆழமான நாய்கள் எல்லாவற்றுக்கும் இரைப்பை முறுக்கு அபாயம் இருக்கிறது. வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டு, நிலைகொள்ளாமல் அலைந்தால் அடுத்த மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போகவேண்டும், காலைவரை பார்க்கலாம் என்றால் நாய் மிஞ்சாது. வேட்டைக்குக் கிளம்பும் காலையில் வயிறு நிறையத் தீனி வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். முதல் நாள் இரவே ஊட்டி, வேட்டை முடிந்து உடம்பு தணிந்த பிறகு அடுத்த வேளை.

எந்தக் குட்டி

ஏழு, எட்டு வாரக் குட்டியில் வேட்டைத்திறனைக் கணிப்பது ஏறக்குறைய ஜோசியம். நூலில் இறகு கட்டி ஆட்டினால் பெரும்பாலும் எல்லாக் குட்டியும் நின்று காட்டும். அது கண்ணால் பார்த்து நிற்பது, மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விளையாட்டைத் தினம் ஆடினால், கண்ணை நம்பும் பழக்கம் வேரூன்றிவிடும். இரண்டு மூன்று முறையோடு விட்டுவிடுங்கள்.

மன உறுதியையும் மனித ஈர்ப்பையும் ஓரளவு பார்க்கலாம். குட்டியைத் தனியே தூக்கிக்கொண்டு அது பார்த்திராத புல்வெளியில் இருபது மீட்டர் தள்ளி விடுங்கள். நீங்கள் நடந்தால் பின்னால் வருகிறதா? காகித உருண்டையை உருட்டினால் ஓடிக் கவ்வுகிறதா, கவ்வியதும் உங்கள் பக்கம் திரும்புகிறதா? சற்றுத் தள்ளி ஒரு தட்டைக் கீழே போட்டால் திடுக்கிடட்டும், அது இயல்பு. எத்தனை வினாடியில் மீண்டு அந்தத் தட்டை மோந்து பார்க்க வருகிறது என்பதைக் கவனியுங்கள். எல்லோர் மீதும் ஏறி மிதித்து முதலில் ஓடிவரும் குட்டியையும், மூலையில் ஒடுங்கும் குட்டியையும் விட்டு, நடுத்தரமானதை எடுங்கள். ஆணா பெண்ணா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. பெட்டை வருடத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு மூன்று வாரம்போலப் பருவத்துக்கு வரும். அது அக்டோபரில் வந்தால் அந்த மாத வேட்டைக்குத் திண்டாட்டம்தான்.

ஒன்றுக்கு ஒன்று துணை என்று ஒரே ஈத்தில் இரண்டு குட்டி வாங்காதீர்கள். அவை ஒன்றையொன்று பார்த்தே வளரும், உங்களைப் பார்க்காது. மேலே சொன்ன ஒத்துழைப்பு அதோடு போயிற்று.

குட்டி வளர்க்க நேரமில்லாதவருக்கு இன்னொரு வழி உண்டு: ஓரளவு பழக்கிய, ஒன்று ஒன்றரை வயது நாய். விலை கூடுதல். ஆனால் மூக்கும் துப்பாக்கிச் சத்தமும் தண்ணீரும் சோதித்தாயிற்று, இடுப்பையும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிடலாம். வாங்குமுன் அதை வயலில் இறக்கி உங்கள் கண்முன் பறவை காட்டச் சொல்லுங்கள்.

துப்பாக்கிச் சத்தம்

முதல் வருடத்தில் செய்யக்கூடிய தவறுகளில் திருத்தவே முடியாததற்கு அருகில் இருப்பது இது. துப்பாக்கிக்கு அஞ்சும் நாயில் பெரும்பாலானவை மனிதர் கெடுத்தவை. பயப்படுகிறதா பார்ப்போம் என்று சுடும் இடத்துக்குக் குட்டியைக் கூட்டிப்போவதுதான் வழக்கமான தொடக்கம். அந்த ஒரு நாளே போதும்.

சரியான முறைக்கு இரண்டு பேரும் சில புறாக்களும் வேண்டும். குட்டி முதலில் பறவைப் பித்துப் பிடித்திருக்கவேண்டும். இறக்கையடித்துப் பறக்கும் புறாவைக் கண்டால் உலகை மறந்து துரத்தும் நிலைக்கு அது வரும்வரை துப்பாக்கியை வெளியே எடுக்கவேண்டாம். பிறகு ஒருவர் புறாவைப் பறக்கவிட, குட்டி முழு வேகத்தில் துரத்தும்போது மற்றவர் நூறு மீட்டர் தள்ளி நின்று சிறிய வெற்றுத் தோட்டாவை வெடிக்கவேண்டும். குட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினால் சரி. அன்று இரண்டு முறை, அதற்கு மேல் வேண்டாம். அடுத்தடுத்த நாட்களில் எண்பது, அறுபது, நாற்பது மீட்டர் என்று நெருங்கலாம். ஓட்டம் ஒரு கணம் தயங்கினாலும், வால் தாழ்ந்தாலும் அன்றைக்கு நிறுத்தி, மறுமுறை பழைய தூரத்துக்குத் திரும்புங்கள். தயங்கிய குட்டியைத் தடவிச் சமாதானம் சொல்லவேண்டாம், கண்டுகொள்ளாமல் இன்னொரு புறாவை விடுங்கள். ‘12-bore’ எனப்படும் பெரிய வேட்டைத் துப்பாக்கி கடைசியில்தான். தீபாவளியோ கனடா தினமோ, பட்டாசு வெடிக்கும் இரவுகளில் குட்டியை வீட்டுக்குள் உள்ளறையில் வைத்திருங்கள்.

தண்ணீருக்கும் இதே பொறுமை. கரை சரிவாக, தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும் கோடைநாளில் நீங்களே முழங்கால் அளவுக்கு இறங்கிக் கூப்பிடுங்கள். தூக்கி எறிந்தால் நீந்தக் கற்றுக்கொள்ளும் என்பவர் பேச்சைக் கேட்கவேண்டாம். நீந்தும், ஆனால் அடுத்த தடவை கரையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

முதல் சீசனில் துப்பாக்கியை நண்பரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் நாயை மட்டும் பார்ப்பது நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்கப் புதியவரால் முடியாது. நாய் நின்று காட்டாமல் கிளப்பிய பறவையை நண்பர் சுடக்கூடாது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பறவை விழுந்தால், நிற்காமலே பாய்ந்தாலும் பலன் உண்டு என்று நாய் கணக்குப் போட்டுவிடும். வீடு திரும்புமுன் காரின் பின்கதவைத் திறந்து நாயை ஏற்றி, காது மடலின் உள்பக்கம், கால்விரல் இடுக்கு, அக்குள், கண்ணிமை ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். கொக்கிபோல் முனையுள்ள காய்ந்த புல்விதைகள் ஒரே திசையில் உள்ளேதான் நகரும், தானாக வெளியே வராது. அன்று ஐந்து நிமிடத்தில் எடுக்காத விதை மாதக்கணக்கில் உடம்புக்குள் ஊர்ந்து சீழ் வைக்கும். செப்டம்பர் வெயிலில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் போதாது, நாய்க்கென்று தனியே இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போகவேண்டும்.